லைனை விட்டு எடுத்தாச்சு

விஜிக்கு இங்கிலீஷ் ஒத்தையா வராது, ஜோடி ஜோடியாத்தான் வரும். 'டேக்' வந்தா பின்னாடியே 'ஆக்‌ஷன்' வந்துடும். 'கிவ்' வந்தா 'ட்ரெயினிங்'. 'மேக்' வந்தா 'மிஸ்டேக்'. ஜோடியைப் பிரிச்சு ஒரு வார்த்தையை மட்டும் சொல்லுன்னா வாய் அடைச்சுக்கும். அது அவ குத்தமில்லீங்க. அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கு.

ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா பட்டரவாக்கத்துல ரயிலேறி ஆவடியில இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ புடிச்சு கோவில்பதாகை போவா. செல்போன் கடைக்கு மேல, ஒத்தை ஃபேன் ஓடுற மாடியில எழிலரசி மிஸ்ஸோட ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ். அகராதியைத் தூக்கி மூலையில போடுங்கன்னுதான் மிஸ் முதல் நாளே சொல்வாங்க. வெர்பையும் நவுனையும் புருசன் பொண்டாட்டி மாதிரி சேத்தே மனப்பாடம் பண்ணணும், எந்த வெர்புக்கு எந்த நவுன்னு காரணம் கேக்கக் கூடாது. விஜிக்கு அங்கதான் குழப்பம் ஆரம்பிக்கும். நமக்கு சளி வந்து புடிக்குது. இங்கிலீஷ்ல மட்டும் நாம போய் சளியைப் புடிக்கணுமாம், கேட்ச் கோல்ட். இது எந்த ஊர் நியாயம்னு அவ ஒரு தடவை எழுந்து நின்னு கேட்டா. ஜனங்க அப்படித்தான் பேசுறாங்கம்மா, நீயும் அப்படியே பேசிட்டுப் போயேன்னு மிஸ் உக்கார வெச்சுட்டாங்க.

அந்த ஒரு வரியை அவ கெட்டியா புடிச்சுக்கிட்டா. ஜனங்க எப்படிப் பேசுறாங்களோ அப்படி. ஏன்னு கேக்கக் கூடாது. வந்த வினையெல்லாம் அதனாலதான்னு எனக்குத் தோணுது.

அவ வேலை பாக்குறது இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள்ள ஒரு ரப்பர் கம்பெனி. பம்புக்குள்ள தண்ணி ஒழுகாம இருக்க மாட்டுற சீல் பண்றாங்க. அச்சுல இருந்து சூடா வெளிய வர்ற சீலைச் சுத்திப் பிசிறு ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்தப் பிசிறைப் பிளேடால வெட்டி எடுக்குறதுக்கு ஒரு நீள மேசை, மேசைக்கு ரெண்டு பக்கமும் பொம்பளைங்க. அதுக்குப் பேர்தான் லைன். மண்ணூர்பேட்டையில அடுத்த தெருவுல இருக்குற அங்கம்மாதான் விஜியைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து அந்த மேசையில உக்கார வெச்சது. பிளேடை எப்படிப் புடிக்கணும், எந்தப் பக்கம் உடம்பைச் சாய்க்கணும், ரப்பர் தூள் கண்ணுல பட்டா யார்கிட்ட ஓடணும், எல்லாம் அங்கம்மா சொன்னதுதான். கம்பெனி தொடங்கின காலத்துல இருந்து இருக்குற ஆள். வீட்டுக்காரர் கால் ஒடிஞ்சு உக்காந்ததுல இருந்து அந்த ஊட்ல சம்பாதிக்கிற ஒரே கை அதுதான். லைன்ல அதை யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க, மேனேஜர் மனோகரனே குரலைத் தணிச்சுத்தான் பேசுவார்.

குவாலிட்டி டெஸ்க்ல இருந்த பொண்ணு கல்யாணமாகி ஓசூருக்குப் போயிடுச்சு. கஸ்டமருக்கு இங்கிலீஷ்ல பதில் எழுத ஆள் வேணும். மனோகரன் லைனைச் சுத்தி வந்து யாருக்காவது இங்கிலீஷ் தெரியுமான்னு கேட்டப்ப, விஜி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அங்கம்மாதான் அவ முதுகுல ஒரு தட்டு தட்டி, இவளுக்குத் தெரியும் சார், ஆவடிக்குப் போய்ப் படிச்சிக்கினு கீறான்னு சொல்லிடுச்சு. மறுநாள்ல இருந்து விஜிக்கு லைனைப் பாத்த மாதிரி கண்ணாடி வெச்ச ஏசி ரூம், சுத்துற நாற்காலி, கம்ப்யூட்டர். கை முழுக்க இருந்த ரப்பர் நாத்தம் போகவே ஒரு வாரம் ஆச்சு.

டெஸ்க் வேலையை மனோகரன் ஒரு டீ குடிக்கிற நேரத்துல சொல்லிக் குடுத்துட்டார். கஸ்டமர் கம்ப்ளெயின்ட் அனுப்புவான். நீ புதுசா எதுவும் எழுதாதே. பழைய பதிலைத் திற, தேதியை மாத்து, பார்ட் பேரை மாத்து, அனுப்பு. அவ்வளவுதான்.

விஜி பழைய பதில்களைத் திறந்து பாத்தா. எல்லாத்துலயும் ஒரே மூணு வரி. ஆபரேட்டர் ஐடென்டிஃபைட். கவுன்சலிங் கிவன். ஆபரேட்டர் ரிமூவ்ட் ஃப்ரம் லைன். தப்பு பண்ண ஆளைக் கண்டுபிடிச்சாச்சு, புத்தி சொல்லியாச்சு, லைனை விட்டு எடுத்தாச்சு. அவ்வளவு பேரை எடுத்திருந்தா மேசையில இந்நேரம் காக்காதான் உக்காந்திருக்கும். அவ இருந்த காலத்துல வெட்டுல தப்பு பண்ணினதுக்காக ஒருத்தரையும் எடுத்ததா ஞாபகமில்ல. புத்தி சொன்னதாவும் ஞாபகமில்ல. யாரை சார் எடுத்தோம்னு அவ போய்க் கேட்டா. மனோகரனுக்குக் கேள்வியே புரியல. யாரையும் எடுக்கலம்மா, அது அப்படித்தான் எழுதணும்னார்.

"அது அவங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாம என்ன. அவங்க கஸ்டமருக்கு அவங்களும் இதையேதான் எழுதுறாங்க."

விஜிக்குத் தலை சுத்திச்சு. எழுதுறவருக்குத் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும், அப்புறம் யாருக்காக எழுதுறது? ஆனா மிஸ் சொன்னது உடனே ஞாபகம் வந்துச்சு. ஜனங்க அப்படித்தான், காரணம் கேக்கக் கூடாது. சரி, இதுவும் ஒரு ஜோடி, ரிமூவ்னா ஆபரேட்டர்னு மனசைத் தேத்திக்கிட்டா. கும்பிடு போடுறப்ப உள்ளுக்குள்ள சாமி இருக்கான்னு எட்டிப் பாத்தா போடுறோம்? அதுக்கப்புறம் கை தன்னால ஓடுச்சு. வர்ற கம்ப்ளெயின்டுக்கெல்லாம் ஆளைக் கண்டுபிடிச்சா, புத்தி சொன்னா, எடுத்தா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லைன்ல எல்லாரும் அப்படியே உக்காந்து பிசிறு வெட்டிக்கிட்டுதான் இருந்தாங்க.

ஆடி மாசக் காத்துல எஸ்டேட் பூரா புழுதி பறந்த ஒரு நாள், பம்பு பண்ற கஸ்டமர்கிட்ட இருந்து ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சு. சீலோட உதட்டுல, அதான் விளிம்புல, சின்னதா வெட்டு, தண்ணி ஒழுகுது. வழக்கமான சமாச்சாரம். ஆனா அந்த முறை மெயில் இல்ல, அவங்க புதுசா ஒரு போர்ட்டல் வெச்சிருந்தாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்டம். மூணு வரியையும் போட்டுட்டு அனுப்புன்னு அமுக்கினா, போகல. ஒரு கட்டம் சிவப்பா நின்னுச்சு. ஆபரேட்டர் பேர்.

மனோகரன் வெளிய இருந்தார். போன் பண்ணினா. ரோட்டு இரைச்சல்ல கத்தினார், ஏதாவது ஒரு பேரைப் போடும்மா, யார் பாக்கப் போறான்.

இங்க கொஞ்சம் நிதானமா கேளுங்க. அவ அந்தப் பேரை ஏனோதானோன்னு போடல. கண்ணாடி வழியா லைனைப் பாத்தா. கடைசியில ரெண்டு புதுப் பொண்ணுங்க. அதுங்க பேரைப் போட்டா, நாளைக்கு ஏதாவது ஆனா அதுங்களைத் தூக்கிடுவாங்க, பாவம். நடுவுல இருக்கிற ஒரு அம்மாவுக்கும் சூப்பர்வைசருக்கும் ஏற்கெனவே ஆகாது. அந்த மேசையில யாராலயும் அசைக்க முடியாத ஆள் ஒண்ணே ஒண்ணுதான். அங்கம்மா பேரை யார் என்ன பண்ணிட முடியும்? அதனாலதான் போட்டா. இருக்குறதுலயே பத்திரமான பேர் அதுன்னு நெனச்சா.

போட்டதோட நிறுத்தியிருக்கலாம். அந்த வாரம் கிளாஸ்ல நவுன் பாடம். நவுனை அம்போன்னு தனியா அனுப்பாதீங்க, முன்னாடி பின்னாடி நாலு வார்த்தை சேத்து அனுப்புங்கன்னு மிஸ் சொல்லியிருந்தாங்க. விஜி ஆசை ஆசையா சேத்தா. 'அவர் மோஸ்ட் எக்ஸ்பீரியன்ஸ்டு ட்ரிம்மிங் ஆபரேட்டர் மிசஸ் அங்கம்மா.' எங்க ஆளுங்கள்லயே ரொம்ப அனுபவசாலி. கட்டம் பச்சையாச்சு. போயிடுச்சு.

சாப்பாட்டு நேரத்துல பொறுக்க மாட்டாம போய் சொல்லிட்டா, அக்கா, உன் பேரை கஸ்டமருக்கு இங்கிலீஷ்ல எழுதி அனுப்பியிருக்கேன்னு. அங்கம்மா சோத்துல கையை வெச்சுக்கிட்டு அவளையே பாத்துச்சு. என் பேரையா, இன்னான்னு எழுதினேடின்னு கேட்டுச்சு. ரொம்ப அனுபவசாலின்னுன்னா விஜி. அதுக்கு மேல இருக்குற மூணு வரியை அவ சொல்லல. சும்மா ஒரு கும்பிடு அது, அதைப் போய்ச் சொல்லுவானேன்னு விட்டுட்டா. அங்கம்மா முகத்தைப் பாக்கணுமே அன்னிக்கு. டிபன் பாக்ஸைக் கழுவப் போற வழியெல்லாம் நின்னு நின்னு சொல்லிச்சு, எம் பேரு கம்பெனிக்குப் போயிருக்குது, இங்கிலீஷ்ல. சாயந்திரம் வீட்டுக்குப் போய் வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லியிருக்கு.

நாலு நாள் கழிச்சு கஸ்டமர் கம்பெனியில இருந்து சௌம்யான்னு ஒரு என்ஜினியர் எழுதினாங்க. உங்ககிட்ட இருக்குறதுலயே அனுபவமான ஆளே தப்பு பண்ணியிருக்காங்க, அவங்களை எடுத்தும் ஆச்சுன்னா, இப்ப எங்க சீலை வெட்டுறது யாரு? வியாழக்கிழமை நேர்ல வர்றேன்.

மனோகரன் அதை நின்னுக்கிட்டே படிச்சார், அப்புறம் உக்காந்து படிச்சார். யார் உன்னை இதெல்லாம் சேக்கச் சொன்னதுன்னு கேட்டார். விஜி மிஸ் பேரைச் சொல்ல வாயெடுத்து, முழுங்கிட்டா. அவ மூணு வரி எழுதினப்பல்லாம் யாரும் படிக்கல. நாலு வார்த்தை அழகா சேத்ததும் படிச்சுட்டாங்க. இதுல எது தப்பு, பொய்யா, அழகான்னு அவளுக்குப் பிடிபடல.

எழுதினது பொய்னு சொன்னா ஆர்டரே போயிடும்னார் மனோகரன். அதனால எழுதினதை உண்மையாக்கணும். பேக்கிங்ல இருக்குறதெல்லாம் கான்ட்ராக்ட் ஆளுங்க, அங்க மாத்த முடியாது. அங்கம்மா கொஞ்ச நாள் வீட்ல இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.

அந்தக் கடைசி வார்த்தை விஜிக்கு நல்லாத் தெரியும். இங்கிலீஷ்ல ரிமூவ்டுன்னு எழுதினா யாரும் போக மாட்டாங்க. தமிழ்ல 'அப்புறம் பாத்துக்கலாம்'னு சொன்னா போனதுதான். அப்படிப் போனவங்க யாரும் திரும்பி அந்த கேட்டுக்குள்ள வந்து அவ பாத்ததில்ல. வேணாம் சார், என்னை வேணா திட்டுங்க, அக்காவை விட்டுடுங்கன்னு கெஞ்சினா. உன்னைத் திட்டி நான் என்ன பண்றதுன்னார் அவர். அவர் மேலயும் முழுசா குத்தம் சொல்ல முடியாது, வேர்த்து ஊத்திக்கிட்டு இருந்தார்.

புதன்கிழமை சாயந்திரம் அங்கம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். விஜியை வெளிய நிக்கச் சொல்லிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனோகரன் வாய் அசையுது, அங்கம்மா முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டே நிக்குது. ஒரு இடத்துல அது நிமிர்ந்து விஜியைப் பாத்துச்சு. அப்புறம் தலையை ஆட்டுச்சு. வெளிய வந்தப்ப விஜி, அக்கான்னு கூப்பிட்டா. அது நிக்கல. அவளைக் கடந்து போயிடுச்சு. திட்டியிருந்தா கூட நல்லா இருந்திருக்கும். அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல அவளுக்கு. உடம்பு சரியில்லையான்னு கேட்ட அம்மாகிட்ட, ஒண்ணுமில்லன்னா.

வியாழக்கிழமை சௌம்யா வந்தாங்க. சின்ன வயசுதான், தோள்ல லேப்டாப் பை. அயனம்பாக்கம் ஏரிக்கு எதிர்ல ஒரு ஃப்ளாட்ல இருக்காங்களாம், திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. மனோகரன் பிஸ்கட் தட்டை நகத்திக்கிட்டே விஜியைப் பேசச் சொன்னார். விஜி ராத்திரி பூரா மனப்பாடம் பண்ணியிருந்தா. வீ டுக் இமீடியட் ஆக்‌ஷன். வீ கேவ் ப்ராப்பர் ட்ரெயினிங். வீ பெய்ட் க்ளோஸ் அட்டென்ஷன். ஒரு ஜோடி கூடப் பிசகல. எழிலரசி மிஸ் கேட்டிருந்தா கை தட்டியிருப்பாங்க. சௌம்யா பேனாவை மூடி வெச்சுட்டு, தமிழ்லயே சொல்லுங்கம்மா, அப்பதான் எனக்கு என்ன நடந்துச்சுன்னு புரியும்னாங்க.

விஜி வாயைத் திறந்தா. தமிழ்ல என்ன நடந்துச்சு? யாரும் ஆக்‌ஷன் எடுக்கல. யாருக்கும் ட்ரெயினிங் குடுக்கல. தமிழ்ல சொல்றதுக்கு அவகிட்ட ஒண்ணுமே இல்ல.

அந்த ஆபரேட்டரையே பாக்க முடியுமான்னு சௌம்யா கேட்டாங்க. அங்கம்மா வெளிய பெஞ்சில உக்காந்திருந்துச்சு. யூனிஃபார்ம் சேலை இல்ல, நல்ல சேலை, நல்ல நாளுக்குக் கட்டுறது. உள்ள வந்து நின்னுச்சு. உக்காரச் சொன்னாங்க, உக்காரல. அக்கா, உங்களை லைன்ல இருந்து எடுத்துட்டாங்களான்னு சௌம்யா மெதுவா கேட்டாங்க.

"ஆமா கண்ணு. எம் மேலதான் தப்பு. கண்ணு முன்ன மாதிரி இல்ல, வெட்டு இசுத்துக்கினு போயிடுச்சு. சார் புத்தி சொன்னாரு. நான்தான் நின்னுக்கறேன்னு சொல்லிட்டேன்."

விஜிக்கு ஒரு நிமிசம் ஒண்ணுமே வெளங்கல. அக்கா கண்ணு நல்லாத்தானே கீது? நூலை ஊசியில கோக்க இவளைக் கூப்பிட்டதே இல்லையே. அப்போ நெஜமாவே அக்காதான் வெட்டிடுச்சா? நாம பொய்னு எழுதினது நெஜமா? மூணு வரியும் அப்படியே தமிழ்ல வந்து நிக்குது, கண்டுபிடிச்சாச்சு, புத்தி சொல்லியாச்சு, எடுத்தாச்சு. ஒரு வேளை உலகம் பூரா இப்படித்தான் நடக்குதோ, முதல்ல எழுதிடுவாங்க, அப்புறம் ஆளைப் புடிச்சு அதுக்குள்ள நிறுத்திடுவாங்களோன்னு நெனச்சா. அங்கம்மா இவளைத் திரும்பியே பாக்கல. சேலை முந்தானையை மட்டும் விரல்ல சுத்திக்கிட்டே இருந்துச்சு. அது பொய் சொல்றப்ப செய்யுற வேலை அது. வீட்டுக்காரர்கிட்ட போன்ல, இதோ வந்துட்டேன்னு சொல்றப்ப பாத்திருக்கா.

"அக்கா பொய் சொல்லுது மேடம்."

சொல்லிட்டா. மனோகரன் கையில இருந்த பிஸ்கட் அப்படியே நின்னுச்சு. அதுக்கப்புறம் விஜியால நிறுத்த முடியல. யாரு வெட்டினதுன்னு யாருக்குமே தெரியாது மேடம், எல்லாரும் வெட்டினது ஒரே தட்டுலதான் விழும். கட்டம் சிவப்பா நின்னுச்சு, பேர் கேட்டுச்சு. அக்காவை யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னுதான் அது பேரைப் போட்டேன். எழுதினது நான்தான். அக்கா ஒரு தப்பும் பண்ணலன்னு அழுதுக்கிட்டே சொன்னா. நீ சும்மா இருடின்னு அங்கம்மா அதட்டுச்சு. அது இல்ல கண்ணு, சின்னப் பொண்ணு பயந்து போயி ஒளறுது, நான்தான் வெட்டினேன்னு சௌம்யாகிட்ட திருப்பித் திருப்பி சொல்லிச்சு.

சௌம்யா ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. மனோகரனைப் பாத்தாங்க, அவர் பிஸ்கட் தட்டைப் பாத்தார். கோவம் வரும்னு விஜி காத்துக்கிட்டு இருந்தா. வரல. அவங்க லேப்டாப்பைத் திறந்து திருப்பிக் காட்டினாங்க. அவங்க பக்கத்துலயும் ஒரு கட்டம் சிவப்பா நின்னுச்சு.

"எனக்கும் ஒரு பேர் வேணும்மா. இல்லன்னா இது க்ளோஸ் ஆகாது. எங்க ஆபீஸ்ல நான் போய் என்ன சொல்லுவேன்?"

அப்ப விஜிக்கு ஒண்ணு மட்டும் தெளிவா தெரிஞ்சது. இந்தக் கட்டம் யாரையாவது முழுங்காம விடாது. படிச்சவங்க, படிக்காதவங்க, ஏசியில இருக்குறவங்க, எல்லாரும் இதுக்குப் பயந்துக்கிட்டுதான் உக்காந்திருக்காங்க. என் பேரைப் போட்டுக்குங்க மேடம்னா. பேரைத் தப்பா எழுதினது நான்தானே, அது உண்மைதானே. சௌம்யா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கிட்டு, ஸ்பெல்லிங் கேட்டாங்க.

அந்த ஆர்டர் கையை விட்டுப் போகல. மறுபதில் விஜியே உக்காந்து அடிச்சா. அதே மூணு வரி. ஆபரேட்டர்னு இருந்த இடத்துல விஜி. ஐடென்டிஃபைட், ஆமா. கவுன்சலிங் கிவன், மனோகரன் நெஜமாவே அரை மணி நேரம் கத்தினார். ரிமூவ்டு, சாயந்திரமே நாற்காலியை விட்டு எழுந்து பழைய யூனிஃபார்மை வாங்கிக்கிட்டா. வெட்ட ஆள் குறையுதுன்னு வெளிய அனுப்பாம விட்டாங்களே, அதுவே பெருசு. அந்த மூணு வரியும் ஒண்ணு விடாம உண்மையா இருந்தது அந்தக் கம்பெனி சரித்திரத்துலயே அந்த ஒரு தடவைதான். சந்தோசப்படணுமா அழணுமான்னு அவளுக்குத் தெரியல.

லைன்ல அங்கம்மா பழையபடி வந்து உக்காந்துடுச்சு, அதுக்குப் பக்கத்து இடம் காலியா இருந்துச்சு. உக்காந்தா. அங்கம்மா ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள், கையில பிளேடு ஓடிக்கிட்டே இருக்க, நிமிராம கேட்டுச்சு.

"நீ எதுக்குடி நடுவுல வந்து பேசினே? நான் ஒத்துக்கலன்னா எழுதின பொண்ணை அனுப்பிடுவேன்னு அவரு சொன்னாரு. எனக்கு இன்னும் எவ்ளோ நாளு? நீ அந்த ரூம்ல உக்காந்துகினு கீறதை கண்ணாடி வழியா பாத்தாலே எனக்கு வயிறு ரொம்பிப் போவும்."

அக்கா கோவமா இருக்குன்னு நெனச்ச அத்தனை நாளும் அது இவளுக்காக நல்ல சேலை கட்டிக்கிட்டு பெஞ்சில உக்காந்திருக்கு. என்ன சொல்றதுன்னு தேடினா. கிளாஸ்ல மனப்பாடம் பண்ண ஒரு ஜோடியும் அந்த இடத்துக்கு ஆகல, தமிழ்லயும் ஒண்ணும் வரல. அங்கம்மா முன்னாடி இருந்த வெட்டாத சீல்ல பாதியை அள்ளித் தன் பக்கம் போட்டுக்கிட்டு விஜி வெட்ட ஆரம்பிச்சா. அதுக்கப்புறம் எல்லாம் பழையபடிதான், டீக்குப் போறப்ப ரெண்டு பேரும் சேந்துதான் போனாங்க.

டெஸ்க்குக்கு ஜமீலான்னு ஒரு பொண்ணு வந்துச்சு, காலேஜ் முடிச்ச பொண்ணு. மனோகரன் அதுக்கும் டீ குடிக்கிற நேரத்துல வேலை சொல்லிக் குடுத்துட்டார். ஒரு மாசம் போல ஆயிருக்கும். ஒரு நாள் ஜமீலா கதவைத் திறந்து விஜியைச் சைகையால கூப்பிட்டுச்சு. அக்கா, இது நீங்கதானான்னு ஸ்கிரீனைக் காட்டுச்சு. வேற கஸ்டமர், வேற பார்ட், வேற தேதி. விஜி ஐடென்டிஃபைட். விஜி ரிமூவ்டு. ஜமீலா கடைசியா போன பதிலைத் திறந்து, சொல்லிக் குடுத்தபடி தேதியையும் பார்ட்டையும் மாத்தியிருக்கு. போன வாரம் ரெண்டு, அதுக்கு முந்தின வாரம் மூணு, எல்லாத்துலயும் விஜியை எடுத்தாச்சு. சார்கிட்ட கேட்டா, அது அப்படியே இருக்கட்டும், யார் பாக்கப் போறான்னு சொல்லிட்டாராம். பொண்ணுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. தெரியாம பண்ணிட்டேன்கா, இப்பவே மாத்திடுறேன், இதை எடுத்துட்டு யார் பேரைப் போடட்டும்னு கேட்டுச்சு.

விஜி கண்ணாடி வழியா பாத்தா. மேசைக்கு ரெண்டு பக்கமும் எல்லாரும் குனிஞ்சு வெட்டிக்கிட்டு இருந்தாங்க. கடைசியில புதுப் பொண்ணுங்க ரெண்டு. நடுவுல அந்த அம்மா. அப்புறம் அங்கம்மா.

"வேணாம் ஜமீலா. எம் பேரே இருக்கட்டும்."

ஜமீலாவுக்கு ஒண்ணும் புரியல. விஜி திரும்பி வந்து உக்காந்து பிளேடை எடுத்தா. இன்னாடி, எதுக்குக் கூப்ட்டா அந்தப் பொண்ணுன்னு அங்கம்மா கேட்டுச்சு. ஒண்ணுமில்லக்கா, சும்மாதான்னு சொல்லிட்டு, யூனிஃபார்ம் துப்பட்டா நுனியை விரல்ல சுத்திக்கிட்டா.